தல்ஹா சொல்லாத எழுத்து

பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு ராமாமணி கல்லூரி கேட் அருகில் நின்றாள். பரீட்சை மணி அடிக்க அதிக நேரமில்லை. கண் தெரியாத மாணவன் தல்ஹாவுக்கு வழக்கமாக எழுதித் தரும் பெண், நாளைக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று நேற்று சாயங்காலம்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். பார்த்தார்கள் பார், நல்ல நாள்!

ராமாமணி தேர்வுப் பிரிவில் தற்காலிக ஊழியர். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு, சொல்வதை எழுத ஸ்கிரைபாக ஆள் பிடித்துத் தருவது அவள் தலையில் கட்டப்பட்ட வேலை. எழுதுகிறவர் பட்டம் படித்திருக்கக் கூடாது. கையெழுத்து தெளிவாக இருக்கவேண்டும். பகலில் வேலைவெட்டி இல்லாமலும் இருக்கவேண்டும். கோயமுத்தூரில் அப்படி யார் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்? கடைசியில் எதிர்வீட்டு செல்லாத்தாளைக் கெஞ்சினாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருப்பவள். நைட் ஷிப்டு முடிந்து நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

வந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. தலைமுடியெல்லாம் பஞ்சு.

"பயமா இருக்குதுங்கக்கா. பேனா புடிச்சே வருசமாச்சு."

"நீ ஒண்ணும் பரீட்ச எழுதலீல்ல, கண்ணு. அவன் சொல்றத மட்டும் எழுது. தப்பாச் சொன்னாலும் தப்பாவே எழுது. உன்ற புத்தி எதும் அதுல கலக்கக் கூடாது."

லேபை ஒட்டிய ஸ்டோர் ரூமில்தான் தல்ஹாவுக்கு இடம். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு மேசை போட்டிருந்தார்கள். உக்கடத்தில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவனுடைய அத்தா அப்துல் வஹீது, மகனை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசலில் தயங்கினார்.

"இந்த ஒரு பேப்பரு முடிஞ்சா பி.ஏ. ஆச்சுங்க, அம்மணி. பட்டத்தோட வந்தா சேத்துக்கறோம்னு ஒரு ஸ்கூல்ல சொல்லியிருக்கறாங்க."

"நல்லபடியா முடியுமுங்க. நீங்க வெளிய மரத்தடில இருங்க," என்றாள் ராமாமணி.

தல்ஹா நன்றாகத்தான் சொன்னான். நிறுத்தி, யோசித்து, வரிக்கு வரி. செல்லாத்தாள் தூக்கம் வரும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொண்டு எழுதினாள். ராமாமணி இரண்டு தரம் பின்னால் போய் நின்று தாளைப் பார்த்தாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அப்பாடா என்று வந்து உட்கார்ந்தாள்.

கடைசி மணி அடித்து, தாள்களை நூல் கோத்துக் கட்டும்போது, தேர்வு மையத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் பேராசிரியர் வெங்கடபதி வந்து வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே அவர் கை நின்றது.

"ஏம்மா, என்ன இது?"

பக்கத்துக்குப் பக்கம், தலைமாட்டில், அழகாக ஒரு 'உ'. பிள்ளையார் சுழி.

ராமாமணி தாளை எட்டிப் பார்த்தாள். விடைத்தாளில் சாமி பெயரோ குறியோ இருந்தால் மோசடி. எழுதியவரை அடையாளம் காட்டும் குறி என்று கணக்கு. அது அவளுக்கு மனப்பாடம். ஆனால் இரண்டு தரம் பார்த்தும் கண்ணில் படவில்லையே! எப்படிப் படும்? வருகைப் பதிவைக்கூட அவளே சுழி போடாமல் தொடங்கியதில்லை.

"பேப்பர எடுத்தாக் கை தானாப் போட்டுருமுங்க சார்," செல்லாத்தாள் அழுதுவிட்டாள். "தெரியாமப் பண்ணிப்போட்டேனுங்க."

"அந்தப் பையன் சொல்லலீங்க சார். இவ பழக்கதோசம்," என்றாள் ராமாமணி.

"அப்படி எழுதி யுனிவர்சிட்டிக்கு அனுப்பட்டுமா? இவளாப் போட்டானு சொன்னா, வேற என்னென்ன இவளா எழுதுனானு கேப்பான். சென்டரே போயிரும். செக்கிங் ஸ்குவாடு பக்கத்துக் காலேஜ்ல நிக்குது." வெங்கடபதி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அவருக்கும் பயம்தான். "ரூல் என்ன? ஸ்கிரைபு எழுதறது பூராவும் கேண்டிடேட் சொன்னது. நாந்தான் போடச் சொன்னேன்னு பையன் எழுதிக் குடுக்கட்டும்."

எழுதிக் கொடுத்தால் ரிசல்ட் நிற்கும். மறுபடி எழுத விடவும் மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் ராமாமணி வாயைத் திறந்தாள். மாதக் கடைசியில் அவள் வேலையை நீட்டிக்கச் சொல்லி எழுதவேண்டியவர் இந்த வெங்கடபதிதான். வாய் தானாக மூடிக்கொண்டது. சீ, என்ன பிழைப்பு என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

தல்ஹா, குரல் வந்த பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"பிள்ளையார் சுழிய நான் போடச் சொன்னேன்னா யாருங்க சார் நம்புவாங்க?"

"நம்பறாங்களோ இல்லையோ, எழுத்துல இருந்தாப் போதும் தம்பி."

"அத்தாவக் கூப்பிடுங்களேன்."

"வெளியாள் உள்ள வரக்கூடாது." வெங்கடபதி ஒரு வெள்ளைத்தாளை செல்லாத்தாள் முன்னால் தள்ளினார். "நான் சொல்றத எழுதும்மா. தேர்வர் தல்ஹா ஆகிய நான், என் சுய நினைவோடு..."

செல்லாத்தாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதி முடித்ததை வெங்கடபதியே படித்துக் காட்டினார். தல்ஹா முழுவதையும் கேட்டான்.

"பேரெழுதப் பழகியிருக்கேனுங்க," என்று மேசைமேல் பேனாவைத் தேடினான்.

"கோணல்மாணலா வந்தா அதுக்கொரு கேள்வி வரும். ரேகையே போதும். ராமாமணி, புடிச்சு வையம்மா."

ராமாமணி அவன் கட்டை விரலைப் பிடித்தாள். விரல் வியர்த்திருந்தது. இழுக்கவில்லை, கொடுத்துவிட்டான். ஸ்டாம்பு பேடில் ஒற்றித் தாளில் வைத்து அழுத்தினாள். வெங்கடபதி அதை மடித்து எடுத்துக்கொண்டு வேகமாக வெளியே போனார்.

அவர் வெளியேறியதும் அப்துல் வஹீது வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதப் பொட்டலம். நெய் மணந்தது.

"முடிஞ்சுதுங்களா, அம்மணி? இனிமேப் பட்டதாரின்னு சொல்லிக்கலாமுங்களா?"

செல்லாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ராமாமணி குனிந்து, முந்தானையால் தல்ஹாவின் விரலை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். மை போகவில்லை.