நெவில் பாஸ்கோவின் செப்புக் காசு

நெவில் பாஸ்கோவின் கார் இன்ஜினின் மேல், விளிம்பு ஊன்றிச் செங்குத்தாக நிறுத்தி வைத்த செப்புக் காசு, இன்ஜின் ஓட ஓட ஒரு பகல் முழுக்க விழாமல் நின்றது. பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் அடங்கிய பிறகுதான், இனி நின்று என்ன செய்வது என்று அதுவாகவே படுத்துக்கொண்டது. தென் ஆஸ்திரேலியாவின் பர்ரா ஊர் பப்பில் நெவில் ஒரு வருடமாகச் சொல்லிவந்தது இதைத்தான். ஒவ்வொரு கிளாஸ் பீருக்கும் காசு நின்ற நேரம் கொஞ்சம் நீண்டது. போன மாதம் சொன்னபோது அதன்மேல் ஒரு மேக்பை பறவை வந்து உட்கார்ந்துகூடப் பார்த்தது.

பழைய கார்க்காரர்களின் சங்கம் வருடத்துக்கு ஒருமுறை ஆற்றோரப் பூங்காவில் கூடும்போது இப்படி ஒரு போட்டி வைப்பது வழக்கம். பானெட்டைத் திறந்து, ஓடுகிற இன்ஜினின் மேல்மூடியில் பழைய பென்னிக் காசை நிறுத்த வேண்டும். நடுக்கமில்லாத இன்ஜினில்தான் அது நிற்கும். போன வருடம் வெர்னா ட்ரெசைஸின் மோரிஸ் வண்டியில் காசு நின்று நின்று, கடைசியில் விழுந்தது. அறுபத்திரண்டாம் வருடத்து ஹோல்டன் காரில் நெவிலின் காசு விழவே இல்லை. வெர்னா குனிந்து அதை உற்றுப் பார்க்க வந்தாள். நெவில் சட்டென்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"கண்ணு பாத்துச்சு நெவில், மனசுதான் ஒப்பல" என்றாள் அவள். ஊரே சிரித்தது. பொறாமை பிடித்த கிழவி என்றார்கள். அதற்குப் பிறகு அவள் சங்கத்துப் பக்கம் வரவில்லை.

காசின் விளிம்பை ஒரு தீக்குச்சி அகலத்துக்கு நெவில் தட்டையாக அராவியிருந்தார். அராவியது மனைவி மர்லீனின் நகம் தேய்க்கும் அரத்தால். அரத்தின் பற்களில் செப்புத் தூள் மின்னியதை மர்லீன் பார்த்தாளா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. புது அரம் ஒன்று வாங்கிக்கொண்டாள், அவ்வளவுதான். அதன்பின் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

"சாம்பியன், குப்பைத் தொட்டிய வெளில வெச்சிட்டு வாங்க." "சாம்பியன், பல்செட்ட மறந்துட்டீங்க."

அந்தச் சொல் விழும்போதெல்லாம் நெவிலின் காது கொதிக்கும். நேரே ஷெட்டுக்குப் போய் பானெட்டைத் திறப்பார். அடுத்த போட்டிக்குள் இன்ஜினை உண்மையாகவே அசையாமல் ஓட வைத்துவிட்டால், நடந்தது நடக்காமல் போய்விடும் என்று ஒரு கணக்கு. அதனால் பிளக்கை மாற்றினார், பாயிண்ட்டைத் தேய்த்தார், கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளை ஊதி ஊதியே கன்னம் தொங்கிப்போனார். செய்யச் செய்ய இன்ஜின் மோசமானது. முன்பெல்லாம் கொஞ்சம் நடுங்கியது, இப்போது சும்மா நிற்கும்போதே நொண்டியது. அது போட்ட ஆட்டத்தில் ஷெட்டுக் கூரையிலிருந்த சிலந்திகள் குடும்பத்தோடு அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்தன.

போட்டிக்கு முந்தின நாள் காலையில், வேறு வழி தோன்றாமல், குளிர்காலத்தில் வண்டி கிளம்ப அடிக்கும் ஸ்பிரேயை எடுத்து, இன்ஜின் ஓடும்போதே அங்கங்கே பீய்ச்சினார். கார்புரேட்டரின் அடியில், அது இன்ஜினோடு சேரும் இடத்தில் பட்டதும் நொண்டல் நின்றது. இன்ஜின் ஒரு மூச்சு சீராக ஓடி, மறுபடி நொண்டியது. அந்த இடுக்கு வழியாகத்தான் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கழற்றிப் பார்த்தார். கார்புரேட்டரின் அடித்தகடு இரண்டு பக்கமும் கீழே இழுபட்டு, நடுவில் வளைந்து கிடந்தது. நட்டுகளை வேண்டிய அளவுக்கு மேல் முறுக்கினால்தான் அப்படி ஆகும். முறுக்கியது யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'சாம்பியன்' என்று கேட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்த ஒவ்வொரு தடவையும், ஸ்பேனரை வைத்து இன்னும் ஒரு கால் சுற்று. அந்தக் கை அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

தகட்டைச் சமமாக்க, மேடு பள்ளமில்லாத கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்க்க வேண்டும். ஷெட்டில் கண்ணாடி இல்லை. வீட்டுக்குள் போய், வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த சங்கத்தின் வெற்றிச் சான்றிதழை இறக்கி, சட்டத்திலிருந்து கண்ணாடியை மட்டும் உருவினார். மர்லீன் தேநீர்க் கோப்பையோடு வாசலில் நின்றாள்.

"அத என்ன செய்யப் போறீங்க?"

"தேய்க்கப் போறேன்."

"தேய்க்கிறதுல உங்களுக்கு நல்ல பழக்கம்தான்."

நெவில் நிமிரவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும். கண்ணாடியில் தன் முகம் தெரியாதபடி சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெர்னா வீட்டுல இருப்பாளா?" என்றார்.

"நீ போய்ப் பாரு, நெவ்" என்றாள். பெயரைச் சொன்னாள்.

தகட்டைத் தேய்த்துச் சமமாக்கித் திரும்ப மாட்டிய ஹோல்டன், மதியம் வெர்னாவின் வாசலில் நின்றது. வெர்னா பேஸ்ட்ரி மாவு ஒட்டிய கையோடு வெளியே வந்தாள். நெவில் இன்ஜினை அணைக்காமல் பானெட்டைத் தூக்கி வைத்தார். சான்றிதழோடு சங்கம் கொடுத்த வெற்றிக் கோப்பையையும் அராவிய காசையும் மட்கார்டின் மேல் வைத்தார்.

அவள் காசை எடுத்து விளிம்பை விரலால் தடவினாள். அவள் கட்டைவிரல் தட்டையான இடத்தில் வந்து நின்றதை அவர் பார்த்தார்.

"ஒரு வருஷம், நெவில். கடைக்குப் போனாக்கூட சிரிச்சாங்க."

"தெரியும். நானும்தான் சிரிச்சேன்." அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். "நாளைக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன். அதுக்கு முன்னாடி... உன்கிட்ட பென்னி இருந்தா, நீயே வெச்சுப் பாரேன். நான் தொட மாட்டேன்."

"விழுந்தா?"

"விழுந்தாலும் நாளைக்குச் சொல்லுவேன்."

வெர்னா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தாள். பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்த பென்னியை ஏப்ரனில் துடைத்து, மேல்மூடியில் நிறுத்தினாள். விழுந்தது. நெவில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். மறுபடி நிறுத்தினாள். உருண்டு பேட்டரிப் பக்கம் போனது. அவரே தேடி எடுத்துக் கொடுக்கப் போய், சொன்னது நினைவுக்கு வந்து நின்றுகொண்டார். அவளே எடுத்தாள்.

மூன்றாவது தடவை விரலை எடுத்த பிறகும் அவள் கை காசுக்குப் பக்கத்திலேயே, பிடிக்கத் தயாராக இருந்தது. இன்ஜின் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. காசின் நிழல் மூடியின் மேல் ஒரு கோடாகக் கிடந்தது. அந்தக் கோடு அசையவில்லை. மெல்ல அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

கோப்பையை அவள் பார்க்கவில்லை. அவரையும் பார்க்கவில்லை.

"இது நின்னுச்சு" என்றாள்.