தண்ணீரில் விழும் வரை

குளிர் அறையின் நீள மேஜையில் மீன்கள் வந்துகொண்டே இருந்தன. செவுளுக்குக் கீழே அவள் கத்தியைச் செருகி வயிற்றை ஒரே இழுப்பில் கிழிப்பாள்; குடலை விரலால் வழித்துக் காலடியில் ஓடும் வாய்க்காலில் தள்ளுவாள். மீன் பெட்டிக்கு, குடல் கடலுக்கு. கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. இருந்தாலும் இன்று இரைப்பைகளில் தடித்ததாகப் பார்த்து ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த இன்ஜினியருக்காக.

இன்ஜினியர் என்பது அவள் புருஷனுக்குத் தெருக்காரர்கள் வைத்த பேர். படித்து வாங்கிய பட்டம் இல்லை, பேசியே வாங்கியது. அவனும் இதே கம்பெனியில் ஐஸ் தூக்கிக்கொண்டிருந்தவன்தான். போன மழைக்காலத்தில் ஒரு ஐஸ் பாளம் சறுக்கி அவன் பாதத்தின் மேல் விழுந்தது. எலும்பு கூடியதும் வேலைக்குப் போய் நின்றான். "கூப்பிடும்போது வா" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கூப்பிடவே இல்லை.

நிற்க முடியாத கால், உட்காரலாம். கம்பெனி மதிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைகளில் தூண்டிலோடு உட்கார ஆரம்பித்தான். வாடகை அவள் கத்தியில் வந்தது, சட்டி அவன் தூண்டிலில் நிறைய வேண்டும். பல நாள் சட்டி காலிதான். பேச்சுக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

முதலில் ஈயக்குண்டு. பாறை இடுக்கில் போய் மாட்டிக்கொண்டு தூண்டில் நரம்பு, முள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. "குண்டை மட்டும் மெல்லிசு நூல்ல கட்டணும். மாட்டிக்கிட்டா அது மட்டும் அறுந்து போகும், முள்ளு பொழைக்கும்" என்று கண்டுபிடித்தான். குண்டுக்குப் பதில் பழைய நட்டுகள். உண்மையிலேயே நல்ல யோசனை. மனசுக்குள் ஒப்புக்கொண்டாள், வாயால் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் பேசுவான். மறுநாள் சமையலறைக் குழாய் ஒழுகியபோதுதான் நட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தது.

அப்புறம் மிதவை. பாறையில் தட்டாமல் இரை நடுத் தண்ணீரிலேயே தொங்குமாம். தொங்கியது. மீன்தான் வரவில்லை. அப்புறம் ஒருநாள் மழைக்கோட்டு இல்லாமல் வந்தான். ஒரு சிநேகிதனிடம் அதைக் கொடுத்துவிட்டு, இரைக்குப் பதில் மாட்டும் ரப்பர் மீன் ஒன்றை வாங்கி வந்திருந்தான்.

"மழை வந்தா இதையா மாட்டிக்கப் போற?"

"இதப் பாரு, கண்ணுகூட வரைஞ்சிருக்கான். தண்ணியில இழுத்தா அப்படியே நெளியும்."

"நெளிஞ்சு?"

நெளிந்தது. வளைந்து வளைந்து போய் வெறுமனே திரும்பி வந்தது. நனைந்து காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு அவனுக்கு ஞானம் பிறந்தது.

"இங்க இருக்கிற மீனுக்கெல்லாம் கம்பெனிக் குடலத் தின்னு தின்னு நாக்கு பழகிப்போச்சு. பொம்மையெல்லாம் எடுபடாது. கம்பெனி பைப்புல கடலுக்கு வர்றது கொழகொழன்னு கெடக்கு, முள்ளுல நிக்காது. நல்ல தடிச்ச இரைப்பையா கொஞ்சம் கொண்டாந்துடு, போதும்."

"எதையும் வெளிய கொண்டுபோகக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்கான்யா."

"அது மீனுக்கு. இது குப்பைதானே?"

"உனக்கு வாய் இருக்கு. எனக்கு வேலை இருக்கு. அது போச்சுன்னா ரெண்டு பேரும் ரப்பர் மீனைத்தான் கடிக்கணும்."

இருந்தும் இன்று டிபன் டப்பாவில் போட்டு வாசல் வரை கொண்டு வந்துவிட்டாள். அவன் நச்சரிப்பு ஒரு பக்கம், காலி சட்டி ஒரு பக்கம். வாட்ச்மேன் எப்போதும் அவள் டப்பாவைத் திறக்கச் சொன்னதில்லை. என்றைக்காவது இன்ஜினியருக்கு இரண்டு மீன் சிக்கினால் ஒன்று அவனுக்குத்தான் போகும். ஆனால் இன்று அவன் பக்கத்தில் புது சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

"டப்பாவைத் தொறங்க."

வாட்ச்மேன் தன் செருப்பைப் பார்த்தான். அவள் திறந்தாள்.

"என்ன இது?"

"குப்பை சார். கடலுக்குப் போற குடல்தான்."

"கடலுக்குப் போனா அது கழிவு. உங்க டப்பாவுக்குள்ள போனா அது திருட்டு."

"இதுவும் கடலுக்குத்தான் சார் போகுது. முள்ளுல மாட்டிப் போகுது, அவ்வளவுதான்."

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்து இருமலாக மாறியது. சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றச் சொன்னார். "நாளைக்கு வர வேண்டாம். கூப்பிடும்போது வாங்க" என்றார். அந்த வார்த்தையின் அர்த்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஒரு தடவை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டாள். கேட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. டப்பாவைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, உள்ளே இருந்ததை வாசல் சாக்கடையில் கொட்டச் சொன்னார் அவர். அந்தச் சாக்கடையும் கடலுக்குத்தான் போகிறது.

மதிலைச் சுற்றிக்கொண்டு பாறைக்கு வந்தபோது இன்ஜினியர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"கொண்டாந்தியா?"

"வேலை போச்சு."

அவன் திரும்பினான். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். நீட்டிய கையை மடக்க மறந்து உட்கார்ந்திருந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து இவ்வளவு நேரம் அவன் வாயை மூடி அவள் பார்த்ததில்லை. அதுவும் நிலைக்கவில்லை.

"நியாயமா பாத்தா, இத அவங்க திருட்டுன்னு..."

"நிறுத்துய்யா! உன் நியாயமும் நீயும். குழாய் ஒழுகுது, மழைக்கோட்டு போச்சு, இப்ப வேலையும் போச்சு. சட்டியில போட ஒரு மீன் உண்டா?"

அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. யாரைத் திட்டினாலும் போதவில்லை. பாறைமேல் கிடந்த ரப்பர் மீன் வரைந்த கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துக் கடலில் எறிந்தாள். நரம்பில் கட்டியிருந்ததால் அது அங்கேயே மிதந்தது.

மதிலுக்குள் சங்கு ஊதியது. பாறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய பைப் செருமியது. பிறகு சிவப்பும் வெள்ளையுமாகக் குடல் கொட்டத் தொடங்கியது. காலை முழுக்க அவள் வழித்துத் தள்ளியதுதான். விழுந்த இடத்தில் தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் புரண்டன.

அவள் அவனுடைய பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிக்கொண்டு பைப்பை நோக்கிப் பாறைமேல் ஏறினாள்.

"அது முள்ளுல நிக்காது!" என்று கத்தினான்.

"தையல் நூலைச் சுத்திக் கட்டித் தொலை!"

வாளியை நீட்டினாள். உள்ளே சொத்தென்று விழுந்த அதே நேரம் தலைக்கு மேலே விசில் கேட்டது. மதில்மேல் வாட்ச்மேன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வேணாம்க்கா. வாளியை எடுத்துடுங்க."

"இதுவும் திருட்டா?"

"தண்ணியில விழற வரைக்கும் அது கம்பெனியோடதாம். விழுந்த பிறகு எடுத்துக்கலாமாம்." குரலைத் தாழ்த்தினான். "சூப்பர்வைசர் ஜன்னல்ல நிக்கிறாருக்கா. என்னையும் அனுப்பிடுவாரு. தப்பா நெனச்சுக்காதீங்க."

"விழுந்தா மீன் விட்டுவெக்குமா?"

பாவம், அவனுக்கும் வீட்டில் சட்டி இருக்கிறது. அவள் வாளியைக் கவிழ்த்தாள். உள்ளே இருந்தது கடலில் விழுந்ததும் மீன்கள் அதைப் பிய்த்துக்கொண்டு மறைந்தன. கீழே இன்ஜினியர் வெறும் முள்ளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அடிபட்ட காலில் நிற்கிறோம் என்பதையே மறந்துவிட்டிருந்தான்.

எங்கிருந்தோ கடற்பறவைகள் கூட்டமாக வந்தன. பைப்பின் வாயிலேயே மொய்த்து, விழுவதற்கு முன்னால் குடலை அலகால் இழுத்துக்கொண்டு பறந்தன. ஒன்று மதில்மேல், வாட்ச்மேனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக விழுங்கியது. அவள் காலி வாளியோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

விசில் அவன் உதட்டில்தான் இருந்தது. அவன் ஊதவில்லை.