கிரகணத்தில் வெளியே போனவள்

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து வயிற்றில் பிள்ளை அசையவில்லை. அதைச் சொல்லத்தான் காலையில் புசல்லாவையிலிருக்கும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் பேச விடவில்லை.

"இன்னைக்கு சூரிய கிரகணம்டி. ஏழு மாசம் உனக்கு. கதவு, ஜன்னல் சாத்திட்டு உள்ளயே கெட. காய்கூட நறுக்காத. அந்த வெளிச்சம் வயித்துல படவே கூடாது."

"அம்மா, நான் சொல்றத..."

"முடிஞ்சதும் தலைக்குக் குளிச்சிட்டுப் பேசு." வைத்துவிட்டார்.

கணவர் கத்தாரில். வேலை நேரத்தில் போன் எடுக்க முடியாது. திகனவில் நான் வாடகைக்கு இருக்கும் அறையின் சொந்தக்காரர் ருக்கியா. முஸ்லிம் வீடுகளில் அக்காவை அழைப்பது போல ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் போய் நின்றேன்.

"ராத்தா, கிரகணத்துல வெளிய போனா ஒண்ணும் ஆகாதா?"

"எங்களுக்குத் தொழுகைதான் புள்ள. அதுக்குத்தான் கை, கால், மொகம் கழுவி ஒழுச் செய்யப் போறன். ஏன்?"

சொன்னேன்.

"அசையல்லையா! அதோட வானத்தப் பத்திக் கதச்சிட்டு ஈக்கிறியா? போ ஆஸ்பத்திரிக்கு. நானும் வந்திருப்பன். படுக்கையில ஈக்கிற எங்கட மனுசன எப்பிடி உட்டுட்டு வாற?"

பேராதனை ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே கிளம்பினேன். முந்தானையை மடித்து வயிற்றில் போட்டுக்கொண்டு, வெயில் விழாத பக்கமாகப் பஸ்ஸில் உட்கார்ந்தேன். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப வெயிலும் என் பக்கம் வந்தது. நான் எழுந்து எழுந்து இடம் மாறினேன்.

"தங்கச்சி, பஸ்ஸையே வாங்கிட்டீங்களா?" என்றார் கண்டக்டர்.

சிரிக்க முடியவில்லை.

கிளினிக்கில் வழக்கமாக நிற்கக்கூட இடம் இருக்காது. அன்று தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் உட்காரும் பெஞ்சுகள் காலி. ஒருத்திகூட வரவில்லை. என்னைத் தவிர எல்லோரும் அவரவர் அம்மா சொன்னதைக் கேட்டிருக்கிறார்கள்.

"உங்க ஆளுங்க யாரும் வரல்ல. நீங்க மட்டும் எப்படி?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார் நர்ஸ் மிஸ்ஸி. கூட்டம் இல்லாததால் உடனே பார்த்தார்கள்.

பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்தார். கரகரப்பு மட்டும். இடம் மாற்றினார். மறுபடியும் கரகரப்பு. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்தேன்.

திடீரென்று சத்தம் வந்தது. நான் வேலை செய்யும் கார்மென்ட்ஸில் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி, விடாமல்.

"பயம் வேணாம் நங்கி, பயம் வேணாம் தங்கச்சி. நல்லா இருக்கு."

வெளியே வந்தேன். வெயில் மங்கிக் கிடந்தது. மரத்தடியில், இலைகளுக்குள்ளால் விழுந்த வெளிச்சப் பொட்டுகளெல்லாம் பிறைபிறையாக இருந்தன. அங்கே நின்றவர்கள் கறுப்புக் கண்ணாடியை ஆளுக்கு ஆள் கைமாற்றி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை நல்லாயிருக்கிறது என்று அவர்களில் யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொன்னால் வெளியே வந்தது தெரிந்துவிடும். நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு மச்சம் இருந்தாலும் என்னைத்தான் சொல்வார்கள்.

போன் எடுத்தேன்.

"அம்மா, ஆஸ்பத்திரியில நிக்கிறேன். பிள்ளை நல்லா இருக்கு."

"இப்பவா? வெளியவா நிக்கிற?"

"நேத்துலேருந்து அசையலம்மா. பயந்துட்டேன்."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

திட்டு வரும் என்று காத்திருந்தேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது.

"நீயே காதால கேட்டியா?"

"கேட்டேன்."

"எப்பிடி இருந்துச்சு? செஞ்சு காட்டு."

எல்லோரும் அண்ணாந்துதான் நின்றார்கள். போனை வாயோடு ஒட்டிவைத்தேன்.

"டுக்கு டுக்கு டுக்கு..."

"அவ்வளவு மெதுவாவா?"

"இல்லம்மா, வேகமா."

"அப்ப வேகமா செய்டி."