தலைக்கு நாலு

டிரம்முக்குள் இரும்புச் சங்கிலியைப் போட்டு, காஸ்டிக் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, படுக்கவைத்துக் காலால் உருட்ட வேண்டும். உள்ளே சங்கிலி புரண்டு, ஒட்டியிருக்கும் ரசாயனச் சரக்கைச் சுரண்டும். பிறகு கவிழ்த்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் நிறுத்தி, கழுவியவள் சாக்கட்டியால் தன் மார்க்கைப் போட வேண்டும். குடிகாட்டுக்குப் பக்கத்தில், கம்பெனி மதில்களுக்குப் பின்னால் இருந்த அந்தப் பட்டறையில் ஏழு பெண்கள் இந்த வேலையைச் செய்தார்கள். தலைக்கு இருபத்து நாலு டிரம். கூலி எழுபது ரூபாய். இது இரண்டாயிரத்து எட்டில்.

காண்ட்ராக்டர் சடையப்பன் பகலில் பட்டறைக்குள் வரமாட்டார். அந்த நெடி அவருக்கு ஆகாது. சாயங்காலம் வந்து மார்க்கை எண்ணுவார். அதுதான் வருகைப் பதிவு, அதுதான் கூலிக்கணக்கு. இருசம்மாளுக்கு இரண்டு கோடு. ராஜாமணிக்குப் பெருக்கல் குறி. ராசம்மாளுக்கு ஒரு வட்டமும் நடுவில் புள்ளியும்.

ஏழு பேருக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு உடம்பு முடியவில்லை என்றால் காலையில் யாராவது ஒருத்தி, "இன்னிக்குத் தலைக்கு நாலு" என்பாள். மற்ற ஆறு பேரும் ஆளுக்கு நாலு டிரம் சேர்த்துக் கழுவி, வராதவளின் மார்க்கைப் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை சரியாக வந்துவிடும். நன்றி சொல்லும் பழக்கம் கிடையாது. வெளியே சொல்லும் பழக்கமும் கிடையாது.

அந்த வருஷம் பொங்கல் முடிந்ததிலிருந்து ராசம்மாளுக்கு இருமல். வாரத்தில் மூன்று நாள் வருவாள். வருகிற நாளிலும் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். அவள் மகள் பிரிசில்லா சிதம்பரத்தில் நர்ஸிங் இரண்டாம் வருஷம். ராசம்மாளின் வீட்டுக்காரன் போய்ச் சேர்ந்து எட்டு வருஷமாகிறது. இந்த வட்டமும் புள்ளியும்தான் அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் சாப்பாடு.

"இன்னும் ஒன்ற வருசம் இருசு. அதுவரைக்கும் என் பேரு ஓடுனா போதும். அப்பறம் அவ எனக்கே ஊசி போடுவா" என்பாள்.

"நீ மூச்ச வுடுக்கா மொதல்ல. ஊசி அப்பறம் போட்டுக்கலாம்" என்பாள் இருசம்மாள். புருஷன் விட்டுவிட்டுப் போனபோது அவளைக் கையைப் பிடித்து இந்தப் பட்டறைக்குக் கூட்டிவந்தவள் ராசம்மாள்தான்.

மே மாதம் தில்லைநாதன் வந்தார். சிதம்பரத்துக்காரர், சங்கத்து ஆள், ஓட்டை டிவிஎஸ் ஐம்பதில் ஊர் ஊராகப் போவார். பெண்கள் அவரைத் தோழர் என்பார்கள். குறைந்தபட்சக் கூலியை ஏற்றலாமா வேண்டாமா என்று அரசாங்கம் கேட்கிறது, கமிட்டி கடலூருக்கு வருகிறது, முதலாளிமார் எல்லாரும் போய்ப் பேசப்போகிறார்கள், நம் பக்கத்தில் ஒருத்தராவது பேச வேண்டும் என்றார்.

"ஏரி வெட்டப் போனாலே எம்பது ரூவான்னு போட்டிருக்கான் தோழரே. நாம ஆசிட்ல நின்னு எழுவது" என்றாள் ராஜாமணி. "பேசாம டிரம்ம எல்லாம் ஏரிக்கரைக்கே உருட்டிக்கினு போயிடலாம்."

"உருட்டிக்கினு போ. ஏரியில ஒரு மீன் மிஞ்சாது" என்றாள் இருசம்மாள்.

சிரித்தார்கள். யார் பேசுவது என்று கேட்டபோது எல்லாரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். பட்டறையில் வாய் அவளுக்குத்தான். தில்லைநாதன் மூன்று விஷயம் சொல்லிக்கொடுத்தார். அரிசி விலை, பஸ் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு. "இந்த மூணுதாம்மா. இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்." கடலூர் மஞ்சக்குப்பம் போகும் டவுன் பஸ்ஸில் அதையே முணுமுணுத்துக்கொண்டு போனாள். ராசம்மாளும் கூட வந்தாள். இருமினாலும் பரவாயில்லை, என் கூலியைப் பற்றிப் பேசுவதை நான் கேட்க வேண்டும் என்றாள்.

மின்விசிறி ஓடும் பெரிய ஹால். மேடையில் மூன்று அதிகாரிகள். முன்வரிசை நாற்காலிகளில் கம்பெனிக்காரர்கள், பின்னால் இவர்கள். முதலில் எழுந்தவர்களில் சடையப்பனும் ஒருவர்.

"ஐயா, ஏத்துறதுல எனக்கு ஆட்சேபண இல்ல. ஆனா வேல செய்யணுமில்லீங்களா? என் பட்டறையில ஏழு பொம்பளைங்க. வந்ததும் வெத்தல, பத்து மணிக்கு டீ, பன்னெண்டு மணிக்கு ஊர்வம்பு. இவுங்களுக்கு எழுவதே ஜாஸ்தி ஐயா. இன்னும் ஏத்துனா இன்னும் சோம்பேறி ஆவாங்க."

முன்வரிசை சிரித்தது. மேடையில் ஒருவரும் சிரித்தார்.

இருசம்மாள் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். அரிசி விலை வாயில் வரவில்லை. பஸ் கட்டணம் வரவில்லை. அவள் பாதங்கள் காஸ்டிக்கில் வெந்து தோல் உரிந்திருந்தன. அந்தச் சிரிப்பு நேராக அங்கே போய் இறங்கியது.

"யாருங்க சோம்பேறி? நாலு மாசமா எங்க ராசம்மாக்கா ஒடம்பு முடியாம கெடக்குறாங்க. அவுங்க இருவத்திநால நாங்க ஆறு பேரு, தலைக்கு நாலுன்னு சேத்துக் கழுவுறோம். என்னிக்காவது ஒரு டிரம் கொறஞ்சிருக்கான்னு அவரையே கேளுங்க. ஆறு பேரு ஏழு பேரு வேலய செய்றோம். எங்களையா சோம்பேறின்றாரு?"

பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள். மேடையிலிருந்த அம்மாள் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இருசம்மாளின் முந்தானையை யாரோ இழுத்துக்கொண்டிருந்ததை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். திரும்பினாள். இழுத்துக்கொண்டிருந்த ராசம்மாளின் கை தன் மடிக்குத் திரும்பிவிட்டிருந்தது.

சடையப்பன் கோபப்படவில்லை. கையிலிருந்த நோட்டீஸைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதோ எழுதி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது.

"அக்கா. கோவத்துல வாய் வந்துடுச்சிக்கா."

"நல்லாத்தான் பேசுன."

"அக்கா."

"நெசமாத்தான் சொல்றன். அந்த ஆளு மூஞ்சி செத்துப்போச்சி பாத்தியா?" என்றாள் ராசம்மாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி இருமினாள்.

கூலி ஏறியது. ஐப்பசியில் உத்தரவு வந்தது. நூற்றிப் பத்து ரூபாய். தில்லைநாதன் பேப்பரையும் கடலைமிட்டாயையும் தூக்கிக்கொண்டு வந்தார். "வாயிருந்தா கவர்மெண்டே குனியும்டி" என்று ராஜாமணி இருசம்மாளின் கன்னத்தைக் கிள்ளினாள். ராசம்மாள் இரண்டு மிட்டாய் எடுத்து ஒன்றைத் தின்றாள். இன்னொன்றைப் பிரிசில்லாவுக்கு என்று முந்தானையில் முடிந்தாள்.

ஒன்றாம் தேதி காலை, இதுவரை பகலில் வராத சடையப்பன் பட்டறை வாசலில் நின்றார். ஆறு பெயரைப் படித்தார்.

"மேஸ்திரி, ராசம்மாக்கா பேர வுட்டுட்டீங்க" என்றாள் இருசம்மாள்.

"வுடல. கவர்மெண்ட் ஏத்துச்சி, குடுக்கறேன். ஒரு பைசா கொறைக்க மாட்டேன். ஆறு பேருக்கு. ஆறு பேரு போதும்னு நானா சொன்னேன்? நீதான மைக்குல சொன்ன."

யாரும் உள்ளே போகவில்லை. ஏழு பேரும் சாலையோரம் உட்கார்ந்தார்கள். பத்து மணிக்குச் சடையப்பன் பழைய கணக்கை எடுத்துவந்தார். ராசம்மாள் கழுவாத டிரம்முக்கு அவள் மார்க்கைப் போட்டுக் கூலி வாங்கினது திருட்டு, ஸ்டேஷனுக்குப் போனால் ஏழு பேரும் உள்ளே என்றார். பதினோரு மணிக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து புதிய பெண்கள் எட்டுப் பேர் இறங்கி, இவர்களைப் பார்க்காமல், மதிலோரம் நின்றார்கள். நூற்றிப் பத்து ரூபாய்க்கு ஆள் வராமலா இருக்கும்?

தில்லைநாதன் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"கூலியக் கொறச்சா நான் கேஸ் போடுவேம்மா. ஆளக் கொறைக்கக் கூடாதுன்னு இந்தச் சட்டத்துல ஒரு வரி இல்ல."

"அப்ப அந்த ஒரு வரியக் கேட்டிருக்கலாமில்ல தோழரே?"

"கேட்டோம்" என்றார்.

எழுந்தது ராசம்மாள்தான். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "உள்ள போங்கடி."

"நாங்க போவமாட்டோம்க்கா."

"ஏழு வூட்லயும் அடுப்பு அணையணுமா? நான் சொல்றன், போங்க. ராஜாமணி, நீ எழுந்திரு மொதல்ல. உனுக்குத்தான் சோறு இல்லன்னா மயக்கம் வரும்."

ராஜாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தி ஒருத்தியாக எழுந்தார்கள். கடைசியாக இருசம்மாள். திரும்பிப் பார்த்தபோது ராசம்மாள் பஸ் நிறுத்தத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நடுவழியில் நின்று, மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

அன்றிலிருந்து தலைக்கு இருபத்தெட்டு. நோயில்லாத நாளிலும் தலைக்கு நாலு. அந்த நாலுக்கும் அவரவர் மார்க்தான். ஒரு சாயங்காலம் இருசம்மாளின் கை தானாகவே வட்டம் போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டது. எச்சில் தொட்டு அழித்துவிட்டு இரண்டு கோடு போட்டாள்.

ஆறு பேரும் நாளுக்குப் பத்துப் பத்து ரூபாய் எடுத்துவைத்து ராசம்மாளுக்குக் கொடுத்தார்கள். முதல் மாதம் ஒழுங்காகக் கொடுத்தார்கள். அதில் பெரும்பகுதி பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வரவே போனது. இரண்டாம் மாதம், ஆறு பேரில் ஒருத்தியான மலர்க்கொடி வீட்டில் ஒரு சாவு. மூன்றாம் மாதம் இரண்டு பேர் தரவில்லை. நான்காம் மாதம் இருசம்மாளே பாதிதான் கொண்டுபோனாள். ராசம்மாள் அதை எண்ணாமல் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"இதோட போதும் இருசு. ஒன்னப் பாத்தா எனக்குக் கஷ்டமா இருக்கு" என்றாள்.

அதன்பின் இருசம்மாள் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போனாள்.

மாசியில் மலர்க்கொடி புருஷனோடு திருப்பூர் போய்விட்டாள். ஒரு இடம் காலி. அன்றைக்கே ராசம்மாளிடமிருந்து ஆள் வந்தது. இருசம்மாள் போனாள். கட்டிலில் பாதி ஆளாக ஆகியிருந்தாள் ராசம்மாள்.

"மேஸ்திரிகிட்ட சொல்லி அந்த எடத்த வாங்கிக் குடு. ஒன் வாய்க்கு அந்த ஆளு பயப்படுவாரு."

"ஒன்னால முடியாதுக்கா. எழுந்திரிக்கவே முடியல."

"எனக்கு யாருடி கேட்டா?"

வாசலில் பிரிசில்லா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறதாம். இருசம்மாளுக்குத் தெரியாது.

"முடியாதுன்னு சொல்லாத" என்றாள் ராசம்மாள். "இத மட்டும் முடியாதுன்னு சொல்லாத."

சடையப்பன் உடனே ஒத்துக்கொண்டார். படித்த பெண், கணக்கும் எழுதுவாள் என்றார்.

முதல் நாள் பிரிசில்லா மெலிந்த கால்களால் டிரம்மை உருட்டினாள். அது கோணலாக ஓடிச் சுவரில் முட்டியது. "நேரா பாத்து உருட்டு பாப்பா, அது ஒன்னக் கட்டிக்கப்போற மாப்ளயில்ல, தானா நேரா வரதுக்கு" என்றாள் ராஜாமணி. பெண் சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு. மத்தியானத்துக்குள் கண் சிவந்து, பாதம் வெளுத்துவிட்டது. இருந்தும் ஒன்பது டிரம் கழுவியிருந்தாள்.

இருசம்மாள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். வெயிலில் ஒன்பது டிரம் வரிசையாக நின்றன. ஒன்பதிலும் வட்டம், நடுவில் புள்ளி.

"அம்மாதான் சொன்னாங்க, இதே மார்க்கப் போடுன்னு" என்றாள் பிரிசில்லா. சாக்கட்டித் தூளைத் தாவணியில் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள்: "கூலியும் பரவால்ல அத்த. முன்னெல்லாம் எழுவதுதானாம். நீங்கதான் கடலூருக்குப் போயி அதிகாரிங்ககிட்ட பேசி ஏத்தி வாங்கிக் குடுத்தீங்கன்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்க."

பிரிசில்லாவின் பங்கில் கழுவாமல் கிடந்த டிரம்களில் நாலை இருசம்மாள் தன் பக்கம் உருட்டிக்கொண்டாள். முதல் டிரம்முக்குள் சங்கிலியைப் போட்டாள்.