தொட்டிக்குள் நின்ற பாட்டு

இருபத்து மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய். என் மனைவியின் வயிற்று ஆபரேஷனுக்காகக் கான்ட்ராக்டரிடம் வாங்கிய கடனில் அன்றைக்கு மிச்சம் அவ்வளவு.

தண்ணீர்த் தொட்டி கழுவுவது என் வேலை. அடுக்குமாடிகளின் உச்சியில் இருக்கும் பெரிய சிமென்ட் தொட்டிகள். ஓர் ஆள் நுழையும் ஓட்டை வழியாக இறங்கிவிட்டால் வெளிச்சம் அந்த ஒரு வட்டம்தான். உள்ளே காற்று கெட்டிருந்தால் ஆள் சத்தமில்லாமல் விழுவான். அதனால் என் இடுப்பில் கயிறு. மறுமுனை மேலே மச்சான் கையில். நான் பாடிக்கொண்டே தேய்ப்பேன். பாட்டு நின்றால் அவன் இழுக்க வேண்டும்.

பாட்டு நானே கட்டியது, நாலே வரி. கடவுள் பரிசுத்தர், என்னால் அவர் பெயர் கெடக்கூடாது என்று வரும். நாற்பத்திரண்டு வயதில் ஜெப வீட்டில் எழுத்துக் கற்றபோது நானாக எழுதிய முதல் காகிதமும் அதுதான். தொட்டிக்குள் பாடினால் மாடிப்படி வழியாகக் கீழ் வீடுவரை முழங்கும். பாட்டு கேட்டால் தொட்டி சுத்தமாகிறது என்று குடியிருப்பவர்கள் நம்பினார்கள்.

கான்ட்ராக்டருக்கு அதுவே வசதியாகிப்போனது.

"இன்னைக்கு மூணு கட்டடம். காலி பண்ணி, தேய்ச்சு, லாரித் தண்ணி ஊத்த எனக்குக் கட்டுப்படியாகாது. இறங்கு, பத்து நிமிஷம் பாடு, ஏறு. தொட்டி கழுவினதா அட்டையில தேதி போட்டுக் கையெழுத்து வை. தொட்டிக்கு ஆயிரம் கடன்ல கழிச்சுக்கறேன்."

"பொய்யாச்சேண்ணே."

"நீ எங்கடா பொய் சொல்ற? பாட்டுதானே பாடற? சாமி பாட்டுக்குச் சம்பளம் குடுக்கற ஆளு நான் ஒருத்தன்தான்டா."

மச்சான் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். மாட்டேன் என்றால் முழுக் கடனையும் அன்றைக்கே கீழே வைக்கச் சொல்வார். வேறொருவனுக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தொட்டிகளில் பாடினேன். முழங்கால் தண்ணீரில் நின்று, ஈரச் சுவரில் துடைப்பத்தைத் தட்டியபடி. கால் வைத்த இடமெல்லாம் பாசி வழுக்கியது. இரண்டு அட்டைகளிலும் என் பெயரை எழுதினேன்.

மூன்றாவது கட்டடத்தில் படியேறும்போது அங்கே குடியிருக்கும் தையல்காரம்மா கதவைத் திறந்தார்.

"நீங்கதானா அண்ணே? நல்லவேளை. வீட்ல பச்சை உடம்புக்காரி இருக்கா, தண்ணிய விலைக்கு வாங்கலாமான்னு பார்த்தேன். உங்க பாட்டு கேட்டாப் போதும், குழாயிலேயே பிடிச்சுக்குவேன். உங்க சாமி உங்களைப் பொய் சொல்ல விடமாட்டாரு இல்ல?"

மொட்டை மாடிக்கு ஏறி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டேன்.

உள்ளே இறங்கினேன். வாயைத் திறந்தேன். முதல் சொல்லே வரவில்லை. பாடினால் அந்தம்மா பாத்திரத்தை எடுப்பார். பாடாவிட்டால் கயிறு இழுக்கும், எல்லோரும் ஓடிவருவார்கள். நாலு பக்கமும் சுவர்.

"பாடுடா!" மேலே கான்ட்ராக்டரின் குரல்.

கயிறு விறைத்தது. "மாமா! ஐயோ, மாமாவுக்கு என்னமோ ஆயிடுச்சு!" மச்சான் தன் பலமெல்லாம் போட்டு இழுத்தான். விளிம்பில் வயிறு உரச வெளியே வந்து விழுந்தபோது மாடி முழுக்க ஆட்கள்.

"மூச்சு வருதா? தண்ணி குடுங்க!" என்றார் தையல்காரம்மா.

"மயக்கமில்லம்மா. தொட்டியக் கழுவல. காலையில ரெண்டு கட்டடத்துலயும் கழுவல. பாட்டு மட்டும்தான் பாடினேன்."

"அப்போ உங்க பாட்ட நம்பி நான்..." என்று தொடங்கிய அவர் முடிக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பரிசுத்தவானே, பணத்தை எடு," என்றார் கான்ட்ராக்டர்.

என்னிடம் இருந்தது ஆறு வருடம் சேர்த்து வாங்கிய தண்ணீர் இறைக்கும் பம்பு ஒன்று. "கடனுக்கு என் பம்பை எடுத்துக்குங்கண்ணே. நாளைக்கு ஒரு நாள் மட்டும், தொட்டிங்களக் காலி பண்ண, என்கிட்ட இருக்கட்டும்."

மறுநாள் கூலியில்லாமல் மூன்றையும் காலி செய்து தேய்த்தோம். கடைசித் தொட்டிக்குத் தையல்காரம்மா டார்ச்சோடு வந்து ஓட்டையருகே உட்கார்ந்துகொண்டார்.

"பாட்டு வேணாம்னா எண்ணுங்க மாமா, எனக்குச் சத்தம் வேணும்," என்றான் மச்சான். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே தேய்த்தேன். எழுநூறு தாண்டியபோது டார்ச் அணைந்தது. அந்தம்மா படியிறங்கிப் போனார்.

சாயங்காலம் பம்பைக் கொண்டுபோய் வைத்தேன். கான்ட்ராக்டர் அதை ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கடன் சீட்டின் குறுக்கே ஒரு சொல் எழுதி நீட்டினார். அங்கேயே நின்று எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

தீர்ந்தது.