பட்டியில் இல்லாத பெயர்

1.

விதுரன் ஐந்தரைக்கு எழும்புகிறான். முகம் கழுவுகிறான். சேட்டை அயன் பண்ணுகிறான். கீழே போர்கோ வெக்கியோ சந்தையில் மீன்காரர் பெட்டி இறக்குகிறார்கள். யன்னலைச் சாத்துகிறான். இரண்டு கோப்பைகளில் கோப்பியை ஊற்றி—

(வெட்டுகிறேன். செத்தவளுக்கும் சேர்த்துக் கோப்பி ஊற்றும் கணவன் கதைகளில்தான் இருக்கிறான். ஊற்றியது ஒரு கோப்பை. அதையும் குடித்தேன்.)

குடித்தேன். சரி, விதுரன் நான்தான். 'நான்' என்று தொடங்கிப் பார்த்தேன், மூன்று வரிக்கு மேல் போகவில்லை. 'அவன்' என்றால் போகிறது. இனி அவன்.

கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நோயாளியின் மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டி கட்டுவார்கள். உள்ளே சின்னதாக ஒரு சிப். தாதி கருவியைக் கிட்டக் கொண்டுபோனால், தொடாமலே, ரேடியோ அலையில் அது பதில் சொல்லும். பெயர், பிறந்த திகதி, முந்திய வைத்தியம், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம் திரையில் வரும். ஆள் மாறிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. அவன் மனைவி பிரசாந்தினி முந்தநாள் இறந்த பிறகும் அவள் கைப்பட்டி தவறாமல் பதில் சொன்னது: துஷாந்தி.

துஷாந்தி அவளுடைய அக்கா. உயிரோடு இருக்கிறாள். இப்போது இந்த வீட்டில் அடுத்த அறையில் அழுதுகொண்டிருக்கிறாள்.

இன்று ஒன்பது மணிக்கு அவன் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இறந்தவரின் பெயரை உறுதிசெய்து ஒப்பம் வைக்கவேண்டும்.

2.

பிரசாந்தினியின் பெர்மெசோ, இத்தாலியில் தங்கும் அனுமதி, புதுப்பிக்கக் கொடுத்து ஏழு மாதம். அந்த அட்டை வராததால் சுகாதார அட்டையும் காலாவதி. காய்ச்சல் முப்பத்தொன்பதைத் தாண்டியபோது அக்கா தன் அட்டையை நீட்டினாள். அதில் படம் இல்லை. எங்கள் ஆட்களிடம் இது புதிதல்ல. ஒருவரின் பெயரில் இன்னொருவர் வேலைக்குப் போவதுண்டு. மருந்துக்கும் போவதுண்டு.*

ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் அவனும் பிரசாந்தினியும் ஒத்திகை பார்த்தார்கள்.

"பிறந்த திகதி?" என்றான்.

"பதினொண்டு, மூண்டு, எண்பத்தொன்பது. அநியாயம், பஸ் ஏறி ரெண்டு தரிப்பு வரேல்லை, ஆறு வயசு கூடிப்போச்சு."

"பகிடியை விடு. ஒப்பரேசன்?"

"அப்பெண்டிக்ஸ். தையலைக் காட்டச் சொன்னா?"

"கேக்கமாட்டினம்."

"கேட்டா நீங்கள் உங்கடை வயித்தைக் காட்டுங்கோ."

(இந்தப் பாத்திரத்தில் எனக்கே சந்தேகம். அந்தக் காய்ச்சலில் ஒருத்தி இப்படிப் பகிடி விடுவாளா? வாசகர் நம்பமாட்டார். ஆனால் விட்டாள். வெட்டமாட்டேன்.)

* பிறகு ஒரு தாதி சொன்னாள், அட்டை இல்லாவிட்டாலும் பார்த்திருப்பார்களாம். 'பிறகு' என்பதை அடிக்கோடிட யோசித்தேன். வேண்டாம்.

3.

அடுத்த பகுதியை நாலு தரம் தொடங்கினேன்.

'தாதி கருவியைக் காட்டினாள், பட்டி கீச்சென்று—'

'தவறு எங்கே நடந்தது என்று யாராவது கேட்டால்—'

'மனிதன் பொய் சொல்வான், சிப் சொல்லாது—' (கட்டுரை. வேண்டாம்.)

நாலாவது தரம்:

பிரசாந்தினிக்குப் பென்சிலின் கூடாது. பதினாலு வயதில் ஊரில் ஊசி போட்டு உடம்பு தடித்து, மூச்சு முட்டி, பிழைத்தவள். கலியாணமான கிழமையே அவனுக்குச் சொல்லியிருந்தாள். திரையில் துஷாந்தியின் பழைய பதிவு வந்தது: அதே வகை மருந்து இரண்டு வருடத்துக்கு முன்னம் கொடுத்தது, ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியும் தாதி திரையை மட்டும் நம்பவில்லை. அவனிடம் வாயால் கேட்டாள், இவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று.

அவன் பஸ்ஸில் பாடமாக்கிய அக்காவுக்குள் நின்றான். "ஒன்றுமில்லை," என்றான், இத்தாலியனில், தெளிவாக. பிரசாந்தினியும் தலையாட்டினாள்.

பயத்தில் சொன்னான் என்று எழுதினால் அவனுக்கு நல்லது. பயம் இல்லை. கேள்விக்குச் சரியான விடை சொன்ன பெடியனைப் போல இருந்தான்.

இதை அவன் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான்.

4.

ஏழரைக்குத் துஷாந்தி குசினி வாசலில் வந்து நிற்கிறாள்.

"தம்பி, நான் ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ அக்கா."

"அட்டையை நான் குடுத்தனான் எண்டு தெரிஞ்சா என்ரை பெர்மெசோவும் போம். நான் வேலை செய்யிற வீட்டுச் சின்னோராவும் வைச்சிருக்கமாட்டா. ரெண்டு பிள்ளையள்." மூக்கைத் துடைக்கிறாள். "அவள் கேளாமல் எடுத்துக்கொண்டு போனவள் எண்டு நீர் சொல்லும்."

"களவெடுத்தவள் எண்டோ?"

"அவளை இனி ஆர் என்ன செய்யப்போகினம்?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்கிறான்.

"என்னை அப்பிடிப் பாக்காதையும். அவளே எண்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். இல்லையெண்டு சொல்லும் பாப்பம்."

பிரசாந்தினி அதைத்தான் சொல்லியிருப்பாள்.

5.

முடிவுகள்.

அ) உண்மையைச் சொல்கிறான். பிரசாந்தினி தன் பெயரில் சாகிறாள். அக்காவின் பிள்ளைகள் அவனோடு கதைக்கமாட்டார்கள்.

ஆ) களவு என்கிறான். பெயர் திரும்பக் கிடைக்கிறது, கள்ளியாக.

இ) ஒன்பது மணிக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக் குளிரறையில் துஷாந்தி கிடக்கிறாள். பகேரியாவில் சின்னோரா வீட்டில் துஷாந்தி நிலம் துடைக்கிறாள்.

மூன்றிலும் அவன் சொன்ன அந்த 'ஒன்றுமில்லை' வெளியே வராது. அதைச் சேர்த்தால் நாலாவது முடிவு ஒன்று உண்டு. அதை எழுதக் கை போகவில்லை.

மணி எட்டு இருபது. சப்பாத்துப் போட்டிருக்கிறான். முடிவை உங்களிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அது இன்னொருவர் கையில் அட்டையைக் கொடுப்பதுதான். செய்யமாட்டேன். முடிவு இல்லை.

அவள் சொன்ன கடைசிப் பேச்சு மட்டும் இருக்கிறது. மற்றவர்களுக்கு அவன் வேறு சொல்லியிருக்கிறான்: கையைப் பிடித்தாள், என் பேரைச் சொன்னாள் என்று. நடந்தது இது. சேலைன் போத்தலோடு அந்த மருந்து இறங்கத் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். தாதி அடுத்த கட்டிலில். பிரசாந்தினி கழுத்தைச் சொறிந்தாள். அவன் எழும்பினான். அவள் அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"உடம்பெல்லாம் அரிக்குது. ஒருத்தரையும் கூப்பிடாதேங்கோ, அக்கா மாட்டுப்பட்டுப் போவா."