மூன்று நிமிட மணி

முன்னாள் மேயருக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் பதவியில் இருந்தபோது பார்த்துப் பார்த்து உருவாக்கிய பூங்காவின் மேற்கு மூலையில், மரங்களை வெட்டிவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறார்களாம். மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். வாய் நீண்டவர்களை அடக்க அந்த விதியைக் கொண்டுவந்ததே சாட்சாத் அவர்தான்.

கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி, கச்சிதம்.

"அந்தப் பூங்காவைக் கட்டிக்கிட்டு அழுதது போதாதா?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

கூட்டத்தில் மைக்கைப் பிடித்ததும் பழைய பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. "மாண்புமிகு மேயர் அவர்களே, துணை மேயர் அவர்களே" என்று தொடங்கியவர், பதினாறு உறுப்பினர்களையும் வார்டு வாரியாக வணங்கினார். ஆணையர், பொறியாளர், தண்ணீர் வைத்த ஊழியர், ஒருவரையும் விடவில்லை. "எனதருமைப் பொதுமக்களே" என்று மூச்சு வாங்கியபோது மணி அடித்தது.

"பரவாயில்லை ஐயா, பேசுங்க" என்றார் இப்போதைய மேயரம்மா.

"விதின்னா எல்லாருக்கும்தான்" என்று உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. தன் வாயாலேயே மரங்களைத் தொலைத்துவிட்டோமே என்று நொந்துபோனார்.

அடுத்து எழுந்தவள் அவர் மனைவி. எப்போது பெயர் கொடுத்தாள் என்று அவருக்கே தெரியாது.

"அந்த மூலையில கடைசி மரம், எங்க மக பொறந்த அன்னிக்கு நட்டது. நான் பிரசவ வார்டுல கிடக்கேன், இவரு மண்வெட்டியோட அங்க நிக்கிறாரு. முப்பத்திரண்டு வருஷக் கோபம். காய்கறி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, அதுக்கடியில உக்காந்து இவரை நல்லாத் திட்டுவேன். மனசு லேசாயிடும். அப்புறம்தான் வீட்டுக்கு வந்து சோறு போடுவேன்." மன்றமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "அழறதுக்கும் திட்டறதுக்கும் வீட்டுல எடமில்லாம அங்க நெறையப் பேர் வர்றாங்க. வண்டி எங்கயும் நிக்கும். நாங்க எங்க போவோம்?"

மணிக்கு இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

பதினாறு ஓட்டில் பதினொன்று மரங்களின் பக்கம் விழுந்தது.

வெளியே வந்ததும் இருவரின் கால்களும் தாமாகவே பூங்காவுக்கு நடந்தன. கடைசி மரத்தடியில் தேய்ந்து வழவழத்த கல் பலகை ஒன்று இருந்தது. இத்தனை வருடத்தில் அதை அவர் கவனித்ததே இல்லை.

"இன்னிக்கும் திட்டணுமா?" என்று கேட்டார்.

"பாதிக்கு மேல பாக்கி இருக்கு. உக்காருங்க, நேர்லயே கேட்டுக்கங்க."

அவர் உட்கார்ந்தார். மணி அடிக்க அங்கே யாரும் இல்லை.